கத்னாவுக்கு முன் ஒரு கேள்வி: எஃப்8 மரபணுவும் ஹீமோஃபிலியாவும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் உள்ள நம் வீடுகளில் கத்னா பேச்சும் தொடங்கிவிடும். சில இடங்களில் ஜமாஅத் சார்பில் இலவச முகாம்களும் நடக்கும். நாள் குறிப்பது, உறவினரை அழைப்பது, பிள்ளைக்குப் புதுக் கைலி எடுப்பது என்று எல்லாம் பேசுவோம். "நம் வீட்டில் யாருக்காவது ரத்தம் நிற்காமல் போயிருக்கிறதா?" என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. பல ஆண் குழந்தைகளுக்கு ஹீமோஃபிலியா இருப்பது கத்னாவுக்குப் பிறகுதான் தெரியவருகிறது. அதனால்தான் இந்த நோயையும் இதற்குப் பின்னால் உள்ள மரபணுவையும் பற்றி எழுதுகிறோம்.

காயம் பட்டால் ரத்தம் உறைவதற்கு நம் உடலில் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. அவற்றுள் எட்டாவது காரணியை, அதாவது ஃபேக்டர் 8 என்ற புரதத்தை உருவாக்கும் குறிப்பு எஃப்8 மரபணுவில் இருக்கிறது. எக்ஸ் குரோமோசோமின் நீண்ட கையின் நுனியில் அமைந்த இந்த மரபணு சுமார் 1,86,000 எழுத்துகள் நீளமுடையது. புரதத்துக்கான குறிப்பு அதில் 26 துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. 1984-ல் விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்துப் படித்தார்கள். கடுமையான நோயுள்ளவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேருக்கு இந்த மரபணுவின் ஒரு பெரும் பகுதி தலைகீழாகத் திரும்பிவிட்டிருக்கிறது. மற்றவர்களுக்குச் சிறு சிறு பிழைகள். எப்படியானாலும் விளைவு ஒன்றுதான்: ஃபேக்டர் 8 போதிய அளவு உருவாவதில்லை. இதுவே ஹீமோஃபிலியா ஏ. ஆண் குழந்தைகளில் சுமார் 5,000 பேருக்கு ஒருவர் இதனுடன் பிறக்கிறார். ஃபேக்டர் 9 குறைவால் வரும் ஹீமோஃபிலியா பி இதைவிட அரிது. அதற்கான மரபணுவும் எக்ஸ் குரோமோசோமில்தான் இருக்கிறது.

இந்த நோயைப் பற்றிய பழைய குறிப்புகளில் ஒன்று நம் மருத்துவப் பாரம்பரியத்தில் இருக்கிறது. ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, சுமார் 1000-ஆம் ஆண்டில் முடித்த 'அத்தஸ்ரீஃப்' நூலில், காயம் பட்டால் சாகும்வரை ரத்தம் வடியும் ஆண்கள் உள்ள ஒரு கிராமத்தைக் குறிப்பிடுகிறார். ஈறைத் தேய்த்ததில் ரத்தம் நிற்காமல் இறந்த சிறுவனைப் பற்றியும் சொல்கிறார். அதற்கும் முன்பே யூதர்களின் தல்மூத் சட்டநூலில், கத்னாவால் பிள்ளைகளை இழந்த தாயின் அடுத்த மகனுக்கு விலக்கு அளிக்கும் விவாதம் உண்டு. அதில் சகோதரிகளின் பிள்ளைகளும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள். தாய்வழியில் ஏதோ வருகிறது என்பதை மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில் அவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

தாய்வழி என்றதும் மருமகளைக் கைகாட்டுவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். கணக்கைச் சரியாகப் பார்ப்போம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒன்றே ஒன்று. பெண்ணின் ஒரு எக்ஸில் பிழை இருந்தால் மற்றொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். அவரைக் கடத்தி என்பார்கள். அவருடைய ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் கடத்தியாக இருக்கவும் அதே வாய்ப்பு. நோயுள்ள ஆண் தன் மகனுக்கு எக்ஸைக் கொடுப்பதில்லை, அதனால் மகன்களுக்கு அவரிடமிருந்து நோய் வராது. மகள்கள் எல்லோரும் கடத்திகள். இதுபோக, நோயுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்திருக்காது. பிழை புதிதாக ஏற்பட்டிருக்கும். இதில் எந்தத் தாயும் செய்த தவறு ஒன்றும் இல்லை. இதைச் சொல்லித் தலாக் வரை போவது பெரும் அநியாயம் என்பதே எங்கள் கருத்து.

சொந்தத்தில் முடித்ததால் வந்தது என்றும் சொல்வார்கள். இந்த நோயைப் பொறுத்தவரை அது பொதுவாகச் சரியல்ல. தாய் கடத்தியாக இருந்தால் கணவர் அந்நியரானாலும் மகனுக்கு வரும். ஆனால் நோயுள்ள ஆணுக்குச் சொந்தத்தில் பெண் பார்க்கும்போது கவனம் வேண்டும். அத்தை மகள் தகப்பன் வழி என்பதால், வேறு உறவு இல்லாவிட்டால் இந்தப் பிழைக்குத் தொடர்பில்லை. தாய்மாமனுக்கு நோய் இல்லையென்றால் அவர் மகளுக்கு அவர் மூலம் பிழை வராது. தாய்மாமனுக்கும் நோய் இருந்தால் அவர் மகள் நிச்சயம் கடத்தி. பெரியம்மா, சின்னம்மா மகளும் கடத்தியாக இருக்கக்கூடும். நோயுள்ளவர் கடத்தியை மணந்தால் பிறக்கும் பெண் குழந்தைக்கும் நோய் வரலாம். வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் மரபணுப் பரிசோதனை செய்து இதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம்.

தவழும் வயதில் முழங்காலிலும் மார்பிலும் காரணமின்றி நீலம் பாய்வது, தடுப்பூசி போட்ட இடம் பெரிதாக வீங்குவது, பல் விழும்போது ரத்தம் நாள்கணக்கில் கசிவது, மூட்டு வீங்கிக் குழந்தை காலை ஊன்ற மறுப்பது ஆகியவை அடையாளங்கள். நோய் லேசாக இருந்தால் எதுவும் தெரியாமலும் இருக்கலாம். கத்னாவுக்கு முன் சில இடங்களில் 'பிடி, சிடி' பரிசோதனை மட்டும் எடுத்துத் திருப்தி அடைகிறார்கள். அது போதாது. ஹீமோஃபிலியாவில் பிடி பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். சிடியும் பல நேரம் கோட்டை விட்டுவிடும். ஏபிடிடி என்ற பரிசோதனைதான் சந்தேகத்தைக் காட்டும். குடும்பத்தில் யாருக்காவது ரத்தப்போக்கு இருந்தால் ஏபிடிடி சரியாக இருந்தாலும் ஃபேக்டர் அளவை நேரடியாகப் பார்க்க வேண்டும். ஒரு சதவீதத்துக்குக் கீழ் கடுமை, ஐந்து வரை நடுத்தரம், ஐந்துக்கு மேல் நாற்பது வரை லேசானது.

நோய் உறுதியானால் கத்னா செய்யவே முடியாது என்பதில்லை. ரத்தநோய் மருத்துவரின் மேற்பார்வையில், முன்பும் பின்பு சில நாட்களும் ஃபேக்டர் ஊசி கொடுத்து, ரத்தத்தில் அளவு பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனையில் செய்யலாம். வீட்டிலும் முகாமிலும் செய்யக் கூடாது. மார்க்க நிலை என்னவென்றால், ஷாஃபி மத்ஹபில் கத்னா கடமை, ஹனஃபி மத்ஹபில் சுன்னத். ஆனாலும் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சினால் தள்ளிவைக்கலாம் என்பதை ஃபுகஹாக்கள் பேசியிருக்கிறார்கள். "பையனுக்கு இன்னும் செய்யவில்லையா?" என்று கேட்கும் உறவினர்களுக்கு இதைச் சொல்லலாம். தனிப்பட்ட தீர்ப்புக்கு மருத்துவச் சீட்டுடன் உங்கள் ஆலிமை அணுகுங்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் வேண்டாம், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். தசையில் ஊசி போடுவதைத் தவிர்க்க வேண்டும். தடுப்பூசிகளை நிறுத்தக் கூடாது. மெல்லிய ஊசியால் தோலுக்கு அடியில் போடக்கூடியதை அப்படிப் போட்டு, அந்த இடத்தைச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். தலையில் அடிபட்டால் வெளியில் எதுவும் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். முதலில் ஃபேக்டர், ஸ்கேன் அதற்குப் பிறகு.

தமிழக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாக வழங்கப்படுகிறது. ஆவடி, அம்பத்தூரில் இருப்பவர்கள் மின்சார ரயிலில் சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலையைப் பிடித்தால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வழியிலேயே வரும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் தொலைவில்லை. கையிருப்பு உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தொழிற்பேட்டையில் வேலை பார்த்து இஎஸ்ஐ அட்டை வைத்திருப்பவர்கள் அங்கும் விசாரிக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோஃபிலியாவும் சேர்க்கப்பட்டிருப்பதால், அதற்கான சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஃபேக்டர் ஊசியின் சக்தி சில மணி நேரங்களில் பாதியாகக் குறைந்துவிடும். கடுமையான நோயுள்ள சிலருக்கு உடலே அதை எதிர்த்துச் செயலிழக்கச் செய்துவிடும். எமிசிஸுமாப் என்ற மருந்தைத் தோலுக்கு அடியில் வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ போட்டால் போதும். எதிர்ப்பு உருவானவர்களுக்கும் அது உதவுகிறது. விலைதான் தடை. இதையெல்லாம் தாண்டிய ஒரு செய்தி நம் வேலூரிலிருந்து வந்தது. சிஎம்சி மருத்துவர்கள் கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேரின் சொந்த ரத்தக் குருத்தணுக்களை எடுத்து, அவற்றில் எஃப்8 மரபணுவின் வேலை செய்யும் பிரதியைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். சிகிச்சைக்குப் பின் கண்காணிக்கப்பட்ட காலத்தில் அந்த ஐவருக்கும் ரத்தப்போக்கு ஏற்படவில்லை என்ற முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. இது இன்னும் ஆய்வு நிலைதான். நாளைக்கே போய்க் கேட்டுப் பெறக்கூடிய சிகிச்சையல்ல.

முகாம் நடத்தும் ஜமாஅத்தாரிடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம். பதிவுப் படிவத்தில் இரண்டு வரி சேருங்கள்: பிள்ளைக்கு எப்போதாவது ரத்தம் நிற்காமல் போயிருக்கிறதா? தாயின் சகோதரர்கள், தாயின் தகப்பனார், சின்னம்மா பெரியம்மா மகன்கள் யாருக்காவது அப்படி இருந்ததா? இதற்குப் பதிலைத் தகப்பனாரிடம் கேட்டு எழுதாதீர்கள். தாயிடம் கேளுங்கள், முடிந்தால் தாயைப் பெற்ற பாட்டியிடமும்.