ஐம்பது ரூபாய்க் குரல்

எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் விலை பேசுகிறவருக்கும், கோவில்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் உளுந்துக்குள் இறங்கிய மாட்டை அதட்டுகிறவருக்கும் தொண்டைதான் முதல் கருவி. கரிசல் வெட்டவெளி; தூரத்தில் நிற்கும் ஆளைச் சத்தம் போட்டுத்தான் கூப்பிட வேண்டும். அந்தத் தொண்டையில் புற்று வந்து முற்றிவிட்டால் குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவார்கள். கழுத்தின் முன்பக்கம் துளை போட்டு மூச்சுக்குழலின் வாயை அங்கே தைத்துவிடுவார்கள். அதன்பின் மூச்சு அந்தத் துளை வழியாகத்தான். நாக்கு, உதடு, பல் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் அவற்றுக்குக் காற்று போய்ச் சேராது. வாய் அசையும், சொல் வராது.

இப்படிப்பட்டவரைப் பேசவைக்கச் சின்ன சிலிக்கான் வால்வு ஒன்று இருக்கிறது. அது பிறக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

1873 டிசம்பர் 31 அன்று வியன்னாவில் தியோடர் பில்ரோத் புற்றுநோய்க்காக ஒருவரின் குரல்வளை முழுவதையும் அகற்றினார். அவருடைய உதவியாளர் கார்ல் குசன்பாவர், நாதசுரத்துச் சீவாளிபோல் காற்று பட்டால் அதிரும் உலோக நாக்கு வைத்து, செயற்கைக் குரல்வளை ஒன்றைச் செய்து பொருத்தினார். நோயாளி பேசினார். சில மாதங்களில் நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது.

அடுத்த பல பத்தாண்டுகளில் பலரும் ஏப்பத்தையே பேச்சாக்கப் பழகினார்கள். காற்றை உணவுக்குழலுக்குள் இழுத்து, மேலே விட்டு, அந்த ஒலியைச் சொல்லாக்குவது. எல்லோருக்கும் கைகூடாத வித்தை. பின்னாளில் கழுத்தில் அழுத்திப் பிடிக்கும் மின்கருவி வந்தது. பேச்சு புரியும், ஆனால் குரல் இயந்திரத்தின் குரல்.

1930-களில் சிகாகோ மருத்துவர் குட்மன் ஒரு விநோதத்தைப் பதிவு செய்தார். குரல்வளை இழந்த ஒருவர், பனிக்கட்டி உடைக்கும் கூர்ங்கம்பியைச் சூடாக்கித் தன் மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுவே தானே துளையிட்டுக்கொண்டாராம். கழுத்துத் துளையை விரலால் அடைத்ததும் நுரையீரல் காற்று அந்த வழியே உணவுக்குழலுக்குள் புகுந்து மேலேறியது, பேச்சு வந்துவிட்டது. பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேதனையாக இருந்திருந்தால் ஒரு மனிதர் அந்தக் கம்பியைக் கையில் எடுத்திருப்பார்! வழி சரியான வழிதான். ஆனால் அப்படிப்பட்ட துளையில் தண்ணீரும் எச்சிலும் நுரையீரலுக்கு இறங்கும். இல்லையென்றால் துளை தானே மூடிக்கொள்ளும்.

அந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் இண்டியானாபொலிஸைச் சேர்ந்த இருவர். மார்க் சிங்கர் அறுவை மருத்துவர். எரிக் பிளாம் பேச்சுப் பயிற்சியாளர். 1980-இல் அவர்கள் வெளியிட்ட முறையில், துளைக்குள் வாத்து அலகுபோல் பிளந்த சிலிக்கான் வால்வு உட்கார்ந்தது. மூச்சு தள்ளினால் திறக்கும், விழுங்கும்போது மூடிக்கொள்ளும். உணவுக்குழலின் மேற்பகுதி அதிர்ந்து குரலாகும். கட்டையான, கரகரத்த குரல்தான். ஆனாலும் சொந்த மூச்சில் வருகிற குரல். இதன் பிறப்பில் கத்தி பிடித்தவருக்கு இருந்த அதே பங்கு, பேசச் சொல்லிக்கொடுத்தவருக்கும் உண்டு.

இந்தியாவுக்கு வந்தபோது விலை குறுக்கே நின்றது. இறக்குமதி வால்வு 15,000 முதல் 30,000 ரூபாய் வரை. அதுவும் ஆறு மாதம், ஒரு வருஷத்தில் மாற்ற வேண்டியது. பெங்களூருவில் தலை, கழுத்துப் புற்றுநோய் அறுவை செய்யும் டாக்டர் விஷால் ராவ், தொழில்துறை நண்பர் சசாங்க் மகேஷுடன் சேர்ந்து உள்ளூரிலேயே ஒன்றை உருவாக்கினார். பெயர் ‘ஓம்’. அப்போது சொன்ன விலை 50 ரூபாய். 2015 வாக்கில் இந்தச் செய்தி வெளியானபோது பலருக்கும் நம்பவே முடியவில்லை.

ஆனால் வால்வைப் பொருத்திய மாத்திரத்தில் பேச்சு வந்துவிடாது. கழுத்துத் துளையை எவ்வளவு அழுத்தி அடைப்பது, மூச்சை எவ்வளவு மெதுவாகத் தள்ளுவது, எங்கே நிறுத்தி மறுமூச்சு எடுப்பது என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்க வேண்டும். முதலில் ‘ஆ’, பிறகு ஒன்று இரண்டு, பிறகு வீட்டார் பெயர்கள். அந்தப் பயிற்சியாளர்களை உருவாக்க மைசூரில் 1965-இலேயே மத்திய அரசு ஒரு நிறுவனம் தொடங்கியது. கோவில்பட்டிக்காரருக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் சுமார் 55 கிலோமீட்டரில் நெல்லை, 100 கிலோமீட்டரில் மதுரை. பயிற்சிக்கு வாரம் ஒருமுறை போய்வர பஸ் கட்டணமும் இழந்த கூலியும் சேர்ந்தால், முதல் நடையிலேயே வால்வின் விலை பின்தங்கிவிடும்.

கரிசலுக்கென்று தனிப் பாடும் உண்டு. மூக்கு வடிகட்டிக் கொடுத்த காற்று இப்போது நேரே நுரையீரலுக்குப் போகிறது. கோடைப் புழுதியிலும் தீப்பெட்டி ஆபீஸ் மருந்துத் தூளிலும் துளையை ஈரத்துணியாவது காக்க வேண்டும். பேசும்போதெல்லாம் ஒரு கை கழுத்துக்குப் போய்விடும். ஆட்டுக்கயிற்றைப் பிடிக்க மறுகைதான் மிச்சம். வாயிலுள்ள கேண்டிடா பூஞ்சை வால்வில் படிந்து அதைக் கெடுக்கும். நெதர்லாந்தில் க்ரோனிங்கன் ஆய்வாளர்கள் செயற்கைத் தொண்டை அமைத்துச் சோதித்தபோது, மோர் பட்ட வால்வில் அந்தப் படலம் குறைந்தது. கம்மங்கூழுக்கு மோர் ஊற்றிக் குடிக்கிற ஊரில் இதை மருத்துவர் விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

தண்ணீர் குடித்ததும் இருமல் வந்தால் வால்வு கசிகிறது என்று அர்த்தம். நிறம் கலந்த தண்ணீரை ஒரு வாய் குடிக்கச் சொல்லி, கழுத்துத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். நிறம் தெரிந்தால் வால்வை மாற்ற வேண்டும். பழகிய பேச்சுப் பயிற்சியாளர் ஒருவருக்கு அது ஐந்து நிமிஷ வேலை. அவர் கோவில்பட்டி அரசு மருத்துவமனையிலேயே இருந்தால், இருமியபடி மதுரைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.