ஒன்றரை வட்டியும் எழுதாத கெடுவும்

முதலையும் வீதத்தையும் காலத்தையும் பெருக்கி நூறால் வகுத்தால் தனிவட்டி. உலகமே கூட்டுவட்டியில் ஓடும்போது இந்தப் பழங்கணக்கைப் பிள்ளைகள் தலையில் ஏன் கட்டவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மலேசியாவில் இது பழங்கணக்கு அல்ல, நடப்புச் சட்டம். 1951-இன் கடன் கொடுப்போர் சட்டம் கூட்டுவட்டியைத் தடுக்கிறது. ஈடு வைத்த கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, ஈடில்லாக் கடனுக்கு 18 என்பது இன்று அதில் உள்ள உச்சவரம்பு. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்: மாதம் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை. நம் பேச்சில் 'ஒரு வட்டி', 'ஒன்றரை வட்டி'. பாடநூல் வருடத்தில் பேசுகிறது, கடைத்தெரு மாதத்தில் பேசுகிறது. 'ரெண்டு வட்டி'யை 2 விழுக்காடு என்று எழுதும் மாணவனுக்கு விடை பன்னிரண்டில் ஒரு பங்குதான் வரும். எல்லோர் கண்ணும் வீதத்தின் மேலேயே இருக்கிறது. கோலாலம்பூரின் கடன் வரலாற்றில் வில்லங்கம் வந்த இடமோ பெரும்பாலும் காலம்தான்.

அந்த வரலாற்றின் ஒரு பெரிய பகுதி அந்நகரின் லெபோ அம்பாங் தெருவில் தமிழில் எழுதப்பட்டது. ஈயமும் பிறகு ரப்பரும் கிள்ளான் பள்ளத்தாக்கை வளர்த்த நாளில், வங்கிகள் ஏறிட்டுப் பார்க்காத சுரங்கக்காரர்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் சம்பளக்காரர்களுக்கும் பணம் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார் எனும் செட்டியார்கள். ஒரே கிட்டங்கியில் பல விலாசங்கள், அதாவது பல வட்டிக்கடைகள். ஒவ்வொன்றுக்கும் தரையில் உட்கார்ந்து எழுத ஒரு தாழ்ந்த மேசை, பக்கத்தில் ஒரு பெட்டி. ஊரிலிருந்து வந்த பெட்டியடிப் பையன் எடுபிடி வேலையோடு வட்டி பார்க்கக் கற்று, அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாக உயர்வான். பள்ளிக்கூடம் இல்லாமலே தனிவட்டி கற்பித்த இடம் அது.

கேட்டபோது தருவதாக, கடன் வாங்கியவர் எழுதிய புரோநோட்டில் (கடன்சீட்டில்) கெடு என்ற இடமே இல்லை. பரீட்சைக் கணக்கில் 'மூன்று வருடம்' என்று அச்சிட்டிருப்பார்கள். சீட்டில் அதை யார் எழுதுவது? நூறு வெள்ளி, ரெண்டு வட்டி. தனிவட்டியில் மூன்று வருடம் கழித்து 172 வெள்ளி. வருடக் கடைசியில் வட்டி கட்ட முடியாமல், அதையும் முதலில் சேர்த்துப் புதுச் சீட்டு எழுதினால் 124, அடுத்த வருடம் 153.76, மூன்றாம் வருடம் 190.66. ஒவ்வொரு சீட்டும் தனித்தனியே பார்த்தால் சுத்தமான தனிவட்டி, வீதமும் மாறவில்லை. கடிகாரத்தை மட்டும் மறுபடி ஒன்றிலிருந்து ஓடவிட்டார்கள். கூட்டுவட்டித் தடைக்கு உள்ள அர்த்தம் எனக்கு இங்கேதான் விளங்குகிறது.

வீதம் அதிகமாக இருந்ததுதானே குடும்பங்களைக் கெடுத்தது என்று கேட்கலாம். கெடுத்தது, மறுக்க முடியாது. ஆனால் இதே நகரத்தார் கடன் கொடுத்த கீழ் பர்மாவைப் பாருங்கள்: 1930-இல் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1930-களின் இறுதியில் 25. இடையில் நடந்தது நெல் விலைச் சரிவு. விளைச்சலை விற்ற பணம் தவணைக்கு எட்டவில்லை. நிலத்தைப் பிடித்து உழ வந்தவர்கள் அல்ல அவர்கள். பணம் நிலமாக உறைந்துபோனது அவர்களுக்கும் நட்டம். சிலாங்கூர் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களில் 1913-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்ததற்கு, ஈடு வைத்த நிலம் செட்டியார்களிடம் போய்விடும் என்ற அச்சமும் ஒரு காரணம். அந்தச் சட்டம் வட்டி வீதத்தைத் தொடவில்லை, ஒதுக்கீட்டு நிலம் மலாய்க்காரர் அல்லாதவர் கைக்குப் போகும் வழியைத்தான் அடைத்தது. இன்னொரு கேள்வியும் நியாயமானதே: தங்களுக்குள் வாங்கிய தவணை வைப்புகளுக்கு நகரத்தாரே வட்டிக்கு வட்டி கொடுத்தார்களே? கொடுத்தார்கள். அங்கே தவணை இரு தரப்புக்கும் தெரிந்தது. கணக்கு இரண்டு பக்கமும் எழுதப்பட்டது.

தவணை தெரிந்த கடன் பிறகு சம்பளக்காரர்களுக்கும் வந்தது. 1922-இல் இங்கே கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. முதலில் பதிவானது அஞ்சல், தந்தி ஊழியர்களின் சிக்கனக் கடன் சங்கம். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் இருந்தவர்களைப் போன்ற அரசாங்கச் சம்பளக்காரர்களுக்கு, குறைந்த வட்டியோடு இன்னொன்றும் அதனால் கிடைத்தது: சம்பளத்திலேயே தவணை பிடிக்கப்பட்டதால், கடன் எந்த மாதம் தீரும் என்பது வாங்கும்போதே தெரிந்தது.