கிட்டத்தை வென்ற கம்பித்தட்டு

நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைச் சிற்றூர்களுக்கு இருப்புப்பாதை 1979-ஆம் ஆண்டில்தான் வந்தது. அதுவரை அவ்வூரார் புகைவண்டி ஏறத் திருவனந்தபுரம் செல்லவேண்டும். 1904-இல் அமைந்த கொல்லம்–செங்கோட்டைப் பாதை 1918-இல் திருவனந்தபுரம்வரை நீண்டிருந்தது. பிழைப்புத் தேடிப் புறப்பட்டோர் அவ்வழியே மலை கடந்தனர்.

அம்மலையேற்றத்தில் எஞ்சினுக்குப் பகை அதன் அடுப்பிலேயே இருந்தது. நம் நாட்டுக் கரியில் சாம்பல் மிகுதி. கடுவெப்பத்தில் அது உருகிக் கிட்டமாக இறுகி, அடுப்பின் கம்பித்தட்டை அடைத்துவிடும். காற்றின்றித் தீ மங்கும், நீராவி குன்றும், வண்டி ஏற்றத்தில் தளரும். அசையாத் தட்டாயின், தீயிடுவோர் அனல் முகத்தில் அறைய, நீண்ட இரும்புக்கோலால் கிட்டத்தைப் பெயர்த்து, அடுப்பு வாயில் வழியே வாரியெடுக்க வேண்டும்.

இத்துயரைத் தணித்தது ஆடும் தட்டு. கம்பிகள் சிறுசிறு பகுதிகளாக அச்சில் பொருந்தியிருக்கும். நெம்புகோலைச் சிறிது அசைத்தால் சாம்பல் உதிரும். முழுதும் சாய்த்தால் கிட்டம் நொறுங்கிக் கீழ்த்தொட்டியில் விழும். மீட்டர் பாதைக்கென 1949 முதல் வந்த ஒய்.பி. எஞ்சின்களும் நம் கரியின் இயல்பறிந்து அகன்ற அடுப்புடன் வகுக்கப்பட்டவையே.

ஊர்விட்டு ஊர் சென்ற நம்மவர் பயணத்தை எரியும் கரி நடத்தியது. அக்கரியை எரியவிட்டது, சாம்பலை அகற்றிய கை.