படைப் பதிவேட்டில் கிடைத்த பாட்டன் பெயர்

பள்ளியில் சேர வரும் பிள்ளையிடம் தந்தை பெயரைக் கேட்டால் உடனே சொல்கிறான். பாட்டன் பெயரைக் கேட்டால் வீட்டிற்கு ஓடிக் கேட்டு வருகிறான். பாட்டனுக்குப் பாட்டன் யார் என்றால் வீட்டிலுள்ள பெரியோரும் விழிக்கின்றனர். நம் நெடுநாளைய ஆசிரியப் பணியில் நாம் கண்டது இது. ஏன், நம் முப்பாட்டனார் பெயர் நமக்கே தெரியாது. எழுதி வைக்க அவர்கள் கற்பிக்கப்படவில்லை. கற்றிருந்தோர் அவர்கள் பெயரை எழுதவில்லை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் அடிமைகளாக விற்கப்பட்ட கறுப்பின மக்களின் வழித்தோன்றல்களுக்கும் இதே குறை உண்டு. அவர்கள் தம் முன்னோரை எவ்வாறு தேடிக் காண்கின்றனர் என்பதை நம் இளைஞர்கள் அறிதல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை வரைகிறோம்.

அந்நாட்டின் 1850, 1860ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குகளில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. அதில் ஆண்டையின் பெயர் இருக்கும். அதன்கீழ் அடிமையின் வயது, ஆணா பெண்ணா என்பது, நிறம் ஆகியவை இருக்கும். அடிமையின் பெயரைக் காண்பது மிக அரிது. விடுதலை பெற்றோர் அனைவரும் பெயரோடு எழுதப்பெற்றது 1870ஆம் ஆண்டுக் கணக்கில்தான். எனவே முன்னோரைத் தேடுவோர் பலர் அவ்வாண்டிற்கு அப்பால் செல்ல வழியின்றித் திகைக்கின்றனர். அவ்வழியைச் சிலருக்குத் திறந்துவிட்டது 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர்.

1863 ஜனவரி முதல் நாள் குடியரசுத் தலைவர் லிங்கன் விடுதலைப் பிரகடனம் வெளியிட்டார். அவ்வாண்டு மே மாதத்தில் கறுப்பினப் படைகளுக்கெனத் தனி அலுவலகம் அமைந்தது. போர் முடிவதற்குள் சுமார் 1,79,000 கறுப்பினத்தார் தரைப்படையில் பணிபுரிந்தனர். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம். ஒரே களம், ஒரே குண்டு, ஊதியம் மட்டும் வேறு! மாசசூசெட்ஸ் 54ஆம் ரெஜிமெண்டினர் அக்குறைந்த ஊதியத்தைக் கையால் தொடவும் மறுத்தனர். 1864 ஜூன் மாதத்தில்தான் சம ஊதியச் சட்டம் வந்தது. மாண்டோர் ஏறத்தாழ 40,000 பேர். அவருட் பெரும்பாலோர் நோயால் மாண்டனர்.

படையில் சேர்ந்தவனுக்குப் பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தது. பெயர், வயது, உயரம், பிறந்த ஊர், தொழில், சேர்ந்த இடம், நாள் ஆகியவை அதில் எழுதப்பட்டன. அவை இன்றும் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தேடுவோர் முதலில் வீட்டு முதியோரைக் கேட்பர். கல்லறையில் ரெஜிமெண்டின் எண் பொறித்துள்ளதா எனப் பார்ப்பர். பின்னர்ப் பெயர்ப் பட்டியலை நாடுவர். ஒரே பெயரில் பலர் இருப்பர். ஆண்டையின் குடும்பப் பெயரில் படையில் சேர்ந்து, போருக்குப் பின் தந்தை பெயரைச் சூடியவரும் உண்டு. ஆதலின் ரெஜிமெண்டின் எண்ணும் கம்பெனியின் எழுத்தும் தெரிந்தாலன்றி ஆளை உறுதி செய்ய இயலாது.

இவற்றினும் சிறந்த கருவூலம் ஓய்வூதியக் கோப்பு. சிப்பாய் இறந்தபின் அவன் மனைவி உதவித்தொகை கேட்டால், மணம் நடந்ததை மெய்ப்பிக்க வேண்டும். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்றதில்லை. சான்றிதழ் எங்ஙனம் இருக்கும்? எனவே அதிகாரிகள் அண்டை அயலாரையும், உடன் போரிட்டோரையும், சில வேளை பழைய ஆண்டையையும் விசாரித்து வாக்குமூலம் எழுதினர். யார் யாருக்குப் பிறந்தார், எந்தப் பிள்ளை எவரிடம் விற்கப்பட்டது, மணம் எந்தத் தோட்டத்தில் நடந்தது என்பனவெல்லாம் அவற்றுள் வந்துவிட்டன. ஐயத்தோடு கேட்ட கேள்விகளுக்கு அக்கைம்பெண் சொன்ன விடைகள், அவள் கைநாட்டாக இட்ட கீறலோடு, இன்று அவள் வழியினர்க்கு வரலாறாக நிற்கின்றன.

கல்விச் சங்கத்தாராகிய நாம் மறக்கவொண்ணாத ஒரு ரெஜிமெண்டு உண்டு. மிசௌரி மாநிலத்தில் திரட்டப்பட்ட 62ஆம் கறுப்பினக் காலாட்படையே அது. அம்மாநிலத்தில் கறுப்பருக்கு எழுத்தறிவிப்பதை 1847ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. பாசறையிலோ நிலைமை தலைகீழாயிற்று. 1865 ஜனவரி முதல் நாளுக்குள் படிக்கக் கற்காத சார்ஜண்டுகளும் கார்ப்பரல்களும் பதவி இறக்கப்படுவர் என்று 1864 ஜூலையில் ஆணை பிறந்தது. போர் முடிந்ததும் தம் மக்களுக்கொரு பள்ளி வேண்டுமென அச்சிப்பாய்கள் சுமார் 5,000 டாலர் திரட்டினர். நோய்க்கு 700க்கும் மேற்பட்டோரைப் பலிகொடுத்திருந்த 65ஆம் ரெஜிமெண்டினரும் ஆயிரத்துக்கு மேல் அளித்தனர். அப்பொருளைக் கொண்டு 1866 செப்டம்பரில் ஜெபர்சன் நகரில் பள்ளி தொடங்கிற்று. அப்படையில் அதிகாரியாயிருந்த ரிச்சர்டு பாஸ்டர் அதன் முதல் தலைமையாசிரியர். அதுவே இன்று லிங்கன் பல்கலைக்கழகம். அந்தச் சிப்பாய்களின் பெயர்களைப் பதிவேட்டில் காணும் பேரர், தம் பாட்டன் உழைப்பில் எழுந்த பள்ளியையும் காண்கின்றனர்.

அம்மக்களின் விடுதலை நம் நாட்டாரையும் தொட்டது. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873ஆம் ஆண்டு வெளியிட்ட குலாம்கிரி என்னும் நூலை, அடிமைத்தளையை நீக்கிய அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார்.

இளைஞர்களே! எழுதப்பட்டவர் மீண்டும் கிடைக்கின்றனர், எழுதப்படாதவர் மறைந்தொழிகின்றனர். வெள்ளிவிழாக் காணும் இச்சங்கத்தால் கல்வி பெற்றோர் இன்றே ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு தம் பாட்டியின் அருகே அமர்க. யார் பட்டாளத்திற்குச் சென்றார், யார் கடல்கடந்து தோட்டத்திற்குச் சென்றார், யார் முதன்முதல் பள்ளிப்படி ஏறினார் எனக் கேட்டு, ஊரோடும் பெயரோடும் எழுதுக. நம் முன்னோரைப் பற்றிய பதிவேட்டைப் பிறர் எழுதித் தருவாரெனக் காத்திருத்தல் வேண்டா. எழுதுகோல் இப்பொழுது நம் கையில் இருக்கிறது.