எட்வர்ட் காலத்துக் கண்ணாடி அலமாரி: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்



பழைய மரச்சாமான் கடைகளில் ‘எட்வர்டியன் ஷோகேஸ்’ என்று சீட்டு ஒட்டி விலை சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எட்வர்ட் யார், அவருக்கும் அலமாரிக்கும் என்ன சம்பந்தம் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பேரம் பேசுவது சுலபம். வாங்கியதைக் காப்பாற்றுவதும் சுலபம்.

யார் அந்த எட்வர்ட்?

1901 ஜனவரி 22-ஆம் தேதி விக்டோரியா மகாராணி காலமானார். அவருடைய மூத்த மகன் ஏழாம் எட்வர்ட் என்ற பெயரில் பட்டத்துக்கு வந்து, 1910 மே 6 வரை அரசராக இருந்தார். மரச்சாமான் வியாபாரிகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டி, முதல் உலகப்போர் தொடங்கிய 1914 வரை செய்தவற்றையும் இதே பெயரில் சேர்த்துக்கொள்வார்கள்.

விக்டோரியா காலத்து அறை என்றால் கனமான, இருண்ட சாமான்கள் நெருக்கியடித்து நிற்கும். மகன் காலத்தில் ரசனை மாறியது. மெல்லிய கால்கள், வெளிச்சமான அறை, மின்விளக்கு என்று மக்கள் விரும்பினார்கள். அதற்காகப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. நூறு ஆண்டு பின்னோக்கிப் போனார்கள். தாமஸ் ஷெரட்டன் என்பவர் 1791 முதல் 1794 வரை பகுதி பகுதியாக ஒரு மாதிரிப் படப் புத்தகம் வெளியிட்டிருந்தார். 1806-இல் அவர் ஏழையாகவே இறந்துபோனார். அவருடைய படங்களைப் பார்த்துத்தான் எட்வர்ட் காலத்துத் தொழிற்சாலைகள் அலமாரி அலமாரியாகச் செய்து தள்ளின. மஹாகனி மரத்தில் உடல், ஓரங்களில் மஞ்சள் மரத்தில் மெல்லிய கோடு, நடுவில் விசிறியோ சிப்பியோ பதித்த வேலை, கீழே போகப் போகக் குறுகும் கால் – இவை அதன் அங்க அடையாளங்கள்.

அந்த மஞ்சள் மரத்துக்கும் நமக்கும் உறவு உண்டு. ஆங்கிலத்தில் சாட்டின்வுட் எனப்படும் அது, இலங்கைத் தமிழர்கள் முதிரை என்று அழைக்கும் மரம். இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் கப்பலேறிப் போனது. மேலே பூசிய பாலிஷுக்கு வேண்டிய அரக்கும் பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து போனதுதான்.

கண்ணாடியும் தவணையும்

இங்கிலாந்தில் 1746 முதல் 1845 வரை கண்ணாடிக்குத் தனி வரி இருந்தது. வரி போன பிறகு கண்ணாடி மலிந்தது. நடுத்தரக் குடும்பமும் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்கு ஆசைப்பட முடிந்தது. உள்ளே பீங்கான், வெள்ளி, ஊர் போய்வந்த ஞாபகப் பொருள்கள். எட்வர்டின் முடிசூட்டு விழாக் கோப்பைகளும் அங்கேதான் இருந்தன. விழா 1902 ஜூன் 26-க்குக் குறிக்கப்பட்டிருந்தது. அரசருக்குக் குடல்வால் நோய் வந்து ஆகஸ்ட் 9-க்குத் தள்ளிப்போனது. ஆனால் கோப்பைகளில் ஜூன் தேதியை முன்னமே அச்சடித்துவிட்டார்கள்! அந்தத் தேதியோடு கோப்பை கிடைத்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சம்பளக்காரர்கள் எப்படி வாங்கினார்கள்? பல வீடுகளில் தவணை முறையில்தான். வணிகவியல் படித்தவர்களுக்கு ‘ஹெல்பி எதிர் மாத்யூஸ்’ வழக்கு நினைவிருக்கும். ஒரு பியானோவை மாதம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் 36 மாத வாடகைக்குக் கொடுத்தார்கள். முழுவதும் கட்டினால் பியானோ சொந்தம். மொத்தம் 378 ஷில்லிங், அதாவது 18 கினி. எடுத்தவர் பாதியிலேயே அடகுக் கடையில் வைத்துவிட்டார். வாடகைக்கு எடுத்தவர் நடுவில் திருப்பிக் கொடுத்துவிடலாம், வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே பொருள் முதல் உரிமையாளருடையதே என்று 1895-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

கடைக்காரர்களுக்கு இது பெரிய தைரியம். வாங்கியவருக்கோ கத்தி மேல் நடப்பது. 35 தவணை கட்டி ஒன்று தவறினாலும் வண்டி வந்து சாமானை ஏற்றிக்கொண்டு போகலாம். மூன்றில் ஒரு பங்கு கட்டிய பிறகு நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எடுக்கக்கூடாது என்ற சட்டம் 1938-இல்தான் வந்தது. இன்று நாம் அழகு என்று பார்க்கும் ஒரு அலமாரிக்குப் பின்னால், வெள்ளிக்கிழமைச் சம்பளத்தில் தவணைப் பணத்தை முதலில் எடுத்து வைத்த ஒரு குடும்பம் இருந்திருக்கலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் பின்பக்கம் பாருங்கள். முகப்பு பாலிஷில் மயக்கும். முதுகு பொய் சொல்லாது. பின்பலகை பிளைவுட்டாக இருந்தால் பிற்காலத்தில் மாற்றியிருப்பார்கள். பிளஸ் தலைத் திருகு 1930-களில் வந்தது. அது இருந்தால் அந்த இடத்தில் பிறகு கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பழுது பார்த்தது குற்றமில்லை. அதை மறைத்து முழு விலை கேட்பதுதான் தவறு.

அடுத்து, மேல் அலமாரியும் கீழ்த் தாங்கியும் ஒரே பிறப்பா? இரண்டு வெவ்வேறு சாமான்களைச் சேர்த்து ஒன்றாக்கி விற்பது பழைய பழக்கம். மரத்தின் நிறம், ரேகை, ஓரத்துப் பதிப்பு வேலை மேலும் கீழும் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடுங்கள்.

கண்ணாடியில் சாய்வாக ஜன்னல் பிம்பத்தைப் பாருங்கள். பழைய கண்ணாடியில் பல சமயம் பிம்பம் லேசாக நெளியும். இன்று நாம் போடும் துல்லியமான மிதவைக் கண்ணாடியை பில்கிங்டன் நிறுவனம் 1959-இல்தான் அறிவித்தது. ஒன்றிரண்டு சட்டம் மாற்றியிருப்பது இயல்பு. எல்லாமே புதிது என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

டிராயர் இருந்தால் வெளியே இழுத்து மேல் விளிம்பையும் பூட்டையும் பாருங்கள். லண்டனின் மேப்பிள், எட்வர்ட்ஸ் அண்ட் ராபர்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் முத்திரையோ சிறு வில்லையோ இருந்தால் விலை கூடும். முழுக்க முழுக்கத் தேக்கு என்றால் பெரும்பாலும் இங்கேயே ஆங்கில மாதிரியைப் பார்த்துச் செய்ததாக இருக்கும். அது மட்டமானதல்ல, நம் பருவநிலையை நன்றாகவே தாங்கும். ஆனால் லண்டன் சரக்கு என்று விலை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போகிறவர்கள் இந்த வேறுபாட்டை நேரிலேயே பார்க்கலாம்.

கடைசியாக, வெள்ளைத் தாளைக் கீழே விரித்து மரத்தை மெல்லத் தட்டுங்கள். சிறு துளைகளிலிருந்து புதிய மாவு உதிர்ந்தால் உளுப்பூச்சி உயிரோடு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வீட்டுக்குள் கொண்டுவந்தால் உங்கள் மற்ற மரச்சாமான்களுக்கும் ஆபத்து. முன்பணம் கொடுக்கும் முன் நம் லிஃப்டின் அகலத்தையும் உங்கள் வாசற்படியையும் அளந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பால்கனி வெயில், ஏசி காற்று, குளியலறையை ஒட்டிய ஈரச்சுவர் – இந்த மூன்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். ஈரப்பதம் ஏறி இறங்கினால் வெனீர் தூக்கிக்கொள்ளும். தினமும் தரை துடைக்கும் தண்ணீர் கால்களில் படாமல் அடியில் சிறு தாங்கி கொடுங்கள். கதவு சரியாக மூடவில்லை என்றால் உடனே தச்சரைக் கூப்பிட்டுச் சீவச் சொல்ல வேண்டாம். பெரும்பாலும் தரைதான் சமமாக இருக்காது. ஒரு காலின் கீழ் மெல்லிய அட்டை வைத்துப் பாருங்கள்.

அரக்கு பாலிஷுக்குச் சாராயம் எதிரி. சானிடைசர், சென்ட் பட்டால் கரையும். சூடான காபி டம்ளர் வெள்ளை வளையம் போடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை தேன்மெழுகு பாலிஷ் லேசாகப் போட்டால் போதும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் நேராக அடிக்காதீர்கள். தூக்கிக்கொண்ட வெனீரை வெள்ளைப் பசையால் ஒட்டாமல் பழைய வச்சிரத்தாலேயே ஒட்டச் சொல்லுங்கள். சூடும் ஈரமும் காட்டினால் வச்சிரம் இளகும். அடுத்த முறை பழுது பார்ப்பவருக்கு வழி இருக்கும்.

இன்டீரியர் வேலைக்கு வருகிறவர்கள், “சார், சுரண்டிட்டு புதுசா பெயின்ட் அடிச்சிடலாம்” என்பார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நூறு ஆண்டாக ஏறிய நிறமும் அந்த மெல்லிய வெனீரும் ஒரே நாளில் உப்புத்தாளோடு போய்விடும். அதன் பிறகு அது வெறும் அலமாரி.

இன்னொன்று, வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்காக. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படலாம். அப்படியானதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. கப்பலில் அனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் இந்தியத் தொல்லியல் துறையை அணுகுங்கள்.

வாங்கிய ரசீது, எங்கிருந்து வந்தது, என்ன பழுது பார்த்தோம் என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி உள்ளேயே ஓர் உறையில் வையுங்கள். நமக்குப் பின் அதைத் திறக்கிறவர்களுக்கு அந்த ஒரு தாள் பெரிய உதவி.