அமேலியா ஏர்ஃகார்ட்

அமேலியா ஏர்ஃகார்ட் (பிறப்பு: ஜூலை 24, 1897, காணாமல் போனது: ஜூலை 2, 1937) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வானோடி ஆவார். 1932 இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாக, இடைநில்லாமல் விமானத்தில் கடந்த முதலாவது பெண் இவரே.

காணாமல் போதல்

1937 இல் உலகைச் சுற்றிவரும் பயணத்தின்போது, வழிகாட்டி பிரெட் நூனனுடன் நியூ கினியின் லே நகரிலிருந்து ஏறத்தாழ 4,100 கிமீ தொலைவிலுள்ள ஹவுலாந்து என்னும் சிறு தீவை நோக்கிப் புறப்பட்டார். தீவருகே காத்திருந்த இட்டாஸ்கா கப்பலில் இவரது குரல் வானொலியில் தெளிவாகக் கேட்டது. ஆனால் கப்பலின் குரல் மறுமொழிகள் இவரை எட்டவில்லை. எரிபொருள் குறைந்து வருவதாகவும் கப்பலைக் காண இயலவில்லை எனவும் இவர் அறிவித்தார்.

தேடுதல்

ஜூலை 19 வரை நீடித்த தேடுதலில் தடயம் ஏதும் கிடைக்கவில்லை. 1939 ஜனவரி 5 அன்று இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டார். விமானம் எரிபொருள் தீர்ந்து கடலில் மூழ்கியது என்பது பரவலான கருத்து. நிக்குமரோரோ தீவில் இருவரும் தரையிறங்கினர் என்ற கருதுகோளும் உண்டு. இவற்றுள் எதுவும் உறுதி செய்யப்படவில்லை.