பூட்டிய டிரைவ் திறந்த கதை

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் திருவண்ணாமலை மாவட்ட அரசுப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒரே மடிக்கணினிக்குள் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாடக் குறிப்பு, கார்த்திகை தீபப் படங்கள் என்று பிள்ளைகள் விண்டோஸில் சேர்த்தவை என்டிஎஃப்எஸ் வடிவ டிரைவில் கிடந்தன. அந்த டிரைவை லினக்ஸிலிருந்து திறந்து எழுத முடிந்ததே பலருடைய பல ஆண்டு உழைப்பால்தான்.

என்டிஎஃப்எஸ் 1993-ல் விண்டோஸ் என்டி 3.1-உடன் பிறந்தது. அதன் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் முழுமையாக வெளியிடவில்லை. மார்ட்டின் ஃபான் லோவிஸ், பிறகு அன்டன் அல்டபர்மகோவ் போன்றவர்கள் வட்டில் கிடந்த பைட்டுகளை ஆராய்ந்து, அமைப்பைத் தாங்களே கண்டறிந்தார்கள். படிப்பது முதலில் கைகூடியது. எழுதுவதுதான் பெரும்பாடு. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் மாஸ்டர் ஃபைல் டேபிளில் ஒரு பதிவு பிசகினாலும் அடுத்தவருடைய ஆவணங்கள் தொலையும். அந்தப் பொறுப்பை உணர்ந்து ஆண்டுக்கணக்கில் எழுதும் வசதியை அடக்கியே வைத்திருந்தார்கள். அந்த நிதானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சபோல்ச் சகாசிட்ஸ் 2006-ல் வெளியிட்டு, 2007 பிப்ரவரியில் நிலைபெற்ற என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற இயக்கி அந்தத் தடையை நீக்கியது. 2021-ல் பாராகான் நிறுவனத்தின் என்டிஎஃப்எஸ்3 லினக்ஸ் கெர்னல் 5.15-க்குள்ளேயே இடம்பிடித்தது.

ஆனாலும் பல கணினிகளில் ஐகானைச் சொடுக்கினால்தான் டிரைவ் திறக்கும், கடவுச்சொல்லும் கேட்கும். கணினி எழும்போதே அது தயாராக இருக்க வேண்டுமென்றால் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பிஎல்கேஐடி கட்டளை தரும் யுயுஐடி எண்ணைக் கொண்டு டிரைவைக் குறிப்பிடுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் இடம்மாறக்கூடியவை. யுஐடி என்ற பயனர் எண் மூலம் உரிமையாளரைச் சொல்லுங்கள். நோஃபெயில் என்பதை விடவே கூடாது. அது இல்லாமல் டிரைவும் காணாமல்போனால் கணினி அவசர நிலையில் போய் நின்றுவிடும்.

விண்டோஸ் 8 முதல் வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதி உறக்கத்தில் நிற்கிறது. அந்த நிலையில் லினக்ஸ் எழுதினால் தரவு கெடும். என்டிஎஃப்எஸ்-3ஜி அப்போது படிக்க மட்டும் விடுவது பாதுகாப்புக்காகவே.

எஃப்எஸ்டேப் வரியைச் சேர்த்ததும் மறுபடி கணினியைத் தொடங்கும்வரை காத்திருக்காமல் மவுன்ட் கட்டளையை '-ஏ'யுடன் கொடுத்துப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.